தெரு நிதியைப் புதுப்பிக்கச் சொல்கிறார்களா? முதலில் பழைய கணக்கு!

தீபாவளிக்கு முந்தைய வாரம் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் யார் மீதும் இடிக்காமல் பத்தடி நடப்பதே பெரும்பாடு. அப்படிப்பட்ட தெருவுக்குக் காவலாளி வேண்டும், கேமரா வேண்டும், கழிவறை வேண்டும். “மாநகராட்சியை நம்பி எத்தனை நாள் இருப்பது? கட்டட உரிமையாளர்களே ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம்” என்ற பேச்சு எந்தக் கடைத்தெருவிலும் எழக்கூடியதுதான். அது சில ஆண்டு ஏற்பாடாக நடந்து, காலம் முடிந்ததும் புதுப்பிக்கச் சொல்லி ஒரு தாள் வரும். பலர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் பணம் கொடுப்பவரின் கை ஓங்கியிருக்கும் நேரமே அதுதான்.

மகமையும் சட்டமும்

பொதுக் காரியத்துக்கு வணிகர்கள் பணம் ஒதுக்குவது நமக்குப் புதிதல்ல. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவைக்கும் மகமைப் பணத்தில்தான் விருதுநகர் நாடார்கள் 1889-இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். மகமையைக் காப்பாற்றியது சட்டமல்ல, ஊர்க்கட்டுப்பாடு.

வெளிநாடுகளில் இதே எண்ணம், ஒரு வட்டாரத்தார் எல்லோரும் கட்டாயம் செலுத்தும் தீர்வையாகச் சட்டமானது. 1970-இல் கனடாவின் டொராண்டோவில், புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைத்தெரு இதற்கு வழிகாட்டியது. இன்று நியூயார்க்கில் மட்டும் இப்படி 70-க்கும் மேற்பட்ட வட்டாரங்கள் உள்ளன. இங்கிலாந்தில் ஒரு வட்டாரத்தின் ஆயுள் அதிகபட்சம் 5 ஆண்டு. தொடர வேண்டுமானால் மறுபடியும் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், அவர்களுடைய சொத்தின் வரி மதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். நாலு பெரிய கடைகள் சேர்ந்து நாற்பது சிறு கடைகள் மீது சுமையை ஏற்ற முடியாது.

தமிழ்நாட்டில் கடைத்தெருவுக்கென்று இப்படித் தனித் தீர்வை விதிக்கும் சட்டம் இல்லை. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசமைப்பின் 265-ஆவது பிரிவு. ஆகவே உங்கள் தெருச் சங்கம் கேட்பது சந்தா, வரியல்ல. உறுப்பினராகச் சேர்ந்து விதிகளை ஏற்றவரைத்தான் அது கட்டுப்படுத்தும். சேராதவரின் கடையை மறிப்பதும் சரக்கு வண்டியைத் தடுப்பதும் குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

அரசோடு சேர்ந்து செய்ய வழி உண்டா என்றால், ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால், மீதியை அரசு தரும். அந்தப் பணத்துக்கு ரசீதும் அரசுக் கணக்கும் உண்டு.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

1. போன காலத்தின் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு எங்கே? கையிருப்பு எவ்வளவு?

2. மாநகராட்சி செய்ய வேண்டியது எது, சங்கம் கூடுதலாகச் செய்யப்போவது எது? குப்பைக்கும் தெருவிளக்குக்கும் சேர்த்துத்தான் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி கட்டுகிறோம். 2024-இல் சென்னையில் அது 6 சதவீதம் உயர்ந்தது. ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்கக் கூடாது.

3. பங்கை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? முகப்பு அகலத்துக்கா, சதுர அடிக்கா, எல்லோருக்கும் ஒரே தொகையா?

4. எத்தனை ஆண்டுக்கு? நடுவில் உயர்த்த யாருக்கு அதிகாரம்? ‘தானாகத் தொடரும்’ என்ற வாசகம் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள்.

5. விலக விரும்பினால் வழி என்ன?

சுமை யார் தலையில்?

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடத் தொடங்கியது. 2024 மார்ச்சில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் 4,181 கோடி ரூபாயில் தொடங்கப்பட்டது. இவற்றோடு தெருவும் மேம்பட்டால் இடத்தின் மதிப்பு உயரும். அந்த லாபம் உரிமையாளருக்கு. சந்தாவோ பல நேரம் வாடகையோடு சேர்ந்து கடைக்காரர் தலையில் விடியும். வாடகைதாரர்களே, பராமரிப்புச் சந்தாவை யார் கட்டுவது என்பதை எழுத்து ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

நடைபாதை வியாபாரியை அப்புறப்படுத்தவும் சங்கத்துக்கு அதிகாரமில்லை. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அதை முடிவு செய்ய வேண்டியது நகர விற்பனைக் குழுவும் மாநகராட்சியும். அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். வெளியேற்றுவதற்கு முன் 30 நாள் அறிவிப்பும் தர வேண்டும்.

எண்ணூர், மணலி பக்கம் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதுபோன்ற அழுக்கைத் தெரு நிதியில் சுத்தம் செய்ய யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிவிட்டது.

எங்கே போய்க் கேட்பது?

பதிவு பெற்ற சங்கம் என்றால், பொதுக்குழுவில் கணக்கைக் கேட்பது உறுப்பினர் உரிமை. தர மறுத்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள்.

மாநகராட்சி செய்த வேலைக்கும் ‘நமக்கு நாமே’ செலவுக்கும் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் என உங்கள் மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

2022 முதல் வார்டுதோறும் பகுதி சபைகள் கூடுகின்றன. தெருவிளக்கோ வடிகாலோ, குறையை அங்கே எழுந்து சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள். சங்கச் சந்தா கட்டாதவருக்கும் அங்கே பேச உரிமை உண்டு.

சங்கத்தார் எதிரிகள் அல்ல. பெரும்பாலும் பக்கத்துக் கடை அண்ணாச்சியும் எதிர்க்கடை பாயும்தான். முகத்துக்கு நேரே கணக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தால், நாலு பேர் சேர்ந்து ஒரு கடிதமாகக் கொடுத்துவிடுங்கள். நேர்மையாக நடத்தியவர் மறுநாளே கணக்கு நோட்டை எடுத்து வருவார். நோட்டு வரும் வரை பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.