மாதம் ஒரு நாள் கூடும் கியோட்டோ சந்தை

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில் டோஜி என்னும் பௌத்தக் கோயில் உள்ளது. 796-ல் தோன்றிய இக்கோயில் 823-ல் கூக்காய் என்ற துறவியின் பொறுப்பில் விடப்பட்டது. அவர் 835-ஆம் ஆண்டு மூன்றாம் மாதம் 21-ஆம் நாள் மறைந்தார். அதன் நினைவாக மாதந்தோறும் 21-ஆம் தேதி வழிபாடு நடக்கிறது. வழிபட வந்த கூட்டத்தை நம்பிச் சந்தையும் வளர்ந்தது. கிழமை எதுவாயினும் தேதி மாறுவதில்லை.

குளிர்காலத்தில் ஒருமுறை இச்சந்தையைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடைதான். 55 மீட்டர் உயரமுள்ள ஐந்தடுக்கு மரக் கோபுரம் வழிகாட்டிவிடுகிறது. ஆயிரம் கடைகளுக்கு மேல் வரும் என்கிறார்கள். பழைய கிமோனோ, பீங்கான் சாமான், மண்பாண்டம், தொட்டிச் செடி, கருவாடு என்று கலந்து கிடக்கின்றன. பழைய அரிவாளும் உளியும் பரப்பியிருந்த இடத்தை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

நம் சிறு விவசாயிகள் கவனிக்க வேண்டியது ஊறுகாய்க் கடைகளைத்தான். கியோட்டோவின் வடபகுதியில் கமிகமோ என்ற இடத்தில் சுகுகி என்னும் ஒருவகை டர்னிப் பயிராகிறது. நீலகிரியில் விளையும் டர்னிப்புக்கு உறவுதான். விளைவிக்கும் குடும்பங்களே அதை ஊறுகாயாகவும் போடுகின்றன. சேர்ப்பது உப்பு மட்டுமே. கிழங்கின் தோலைச் சீவி ஓரிரவு உப்பில் போடுகிறார்கள். பிறகு மரத் தொட்டியில் அடுக்கி, நீண்ட மரத்தின் நுனியில் கல்லைக் கட்டி, ஏற்றக்கால் போல் அழுத்தம் கொடுக்கிறார்கள். சுமார் ஒரு வாரம் கழித்து 40 டிகிரி சூடுள்ள அறையில் வைத்தால் நன்றாகப் புளிக்கிறது. தயிரைப் புளிக்கச் செய்யும் அதே இனத்து நுண்ணுயிர்களின் வேலைதான் இது. வினிகர் வேண்டியதில்லை.

இன்னொன்று 'ஆயிரம் இதழ்' என்ற பொருளுடைய செம்மாய்சுகே. ஷோகோயின் என்னும் மிகப் பெரிய டர்னிப்பை இழைப்புளியில் இழைத்தது போல் மெல்லிய வட்டங்களாகச் சீவி, உப்பிட்டு, கடற்பாசியோடும் இனிப்புப் புளிக்காடியோடும் ஊறவைப்பது. கடைக்காரர் முதலில் ஒரு துண்டைத் தின்னக் கொடுப்பார். தின்றவர் பெரும்பாலும் வாங்காமல் போவதில்லை.

டோஜி கோயில் இருக்கும் பகுதிக்குக் குஜோ என்று பெயர். அங்கு விளைந்த தாள் வெங்காயம் 'குஜோ நெகி' எனப்படுகிறது. நகரம் பெருகி வயல்கள் பிற இடங்களுக்கு நகர்ந்துவிட்டன. ரகத்தின் பெயர் மட்டும் போகவில்லை. 1989-லிருந்து இத்தகைய கியோட்டோ காய்கறிகளுக்குத் தர முத்திரையும் வழங்கப்படுகிறது. நம்மூர் எலவம்பாடி முள்கத்தரியை எண்ணிப் பாருங்கள்.

அதே நகரில் சியோன்ஜி கோயிலில் 15-ஆம் தேதிதோறும் வேறொரு சந்தை கூடுகிறது. 1987-ல் தொடங்கியது. கையால் செய்த பொருளை, செய்தவரே விற்க வேண்டும் என்பது அங்கு விதி. வாங்கி விற்பவருக்கு இடமில்லை. எனக்கு டோஜியை விட இதுவே பிடித்தது.

மாதச் சந்தையைப் பார்த்துவிட்டு யாரும் தக்காளிக் கூடையோடு கிளம்ப வேண்டாம். விற்காத தக்காளி அடுத்த மாதம் வரை காத்திருக்காது. பச்சைக் காய்க்கு உழவர் சந்தையும் வாரச் சந்தையுமே சரி. கமிகமோ பெண்களும் காய்கறியை வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாகத்தான் விற்கிறார்கள். மாதம் ஒருமுறை கூடும் இடத்துக்கு ஊறுகாய், வற்றல், தேன், ஒட்டுக்கன்று, பனையோலைப் பெட்டி போன்றவையே ஏற்றவை. கன்று விற்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் வளர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

ஊறுகாய் போட விரும்புவோர் சந்தைத் தேதியிலிருந்து ஊறும் நாட்களைப் பின்னோக்கி எண்ணி வேலையைத் தொடங்கலாம். முதல் முறை 5 கிலோவுக்கு மேல் போட வேண்டாம். விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது கட்டாயம். புட்டியின் மேல் தயாரித்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.