ஸ்தல ஸ்தாபனங்களும் செயற்கை நுண்ணறிவும்

ஒரு குடிமகன் தன் வாழ்நாளில் மத்திய சர்க்காரின் வாயிலை மிதிப்பது அரிது. மாநில சர்க்காரின் காரியாலயங்களுக்கும் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான் செல்கிறான். ஆனால் அவன் வீட்டுக் குழாயில் நீர் வருவதும், தெருவிளக்கு எரிவதும், சாக்கடை தேங்காமல் ஓடுவதும், பிறப்புக்கும் இறப்புக்கும் சான்று கிடைப்பதும் ஸ்தல ஸ்தாபனத்தின் கையில் இருக்கின்றன. ஆகவே அங்கே புகும் எந்தப் புதுமையும் நம் வீட்டு வாசலுக்கே வந்த புதுமையாகும்.

இப்பொழுது அங்கே புகத் தொடங்கியிருப்பது செயற்கை நுண்ணறிவு. தறியில் அமர்பவருக்கும் ஏர் பிடிப்பவருக்கும் இதனோடு என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர்கள் வினவலாம். சம்பந்தம் நெருக்கமானது என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நாம் பணியாற்றும் சென்னையின் தென் புறநகரையே எடுத்துக்கொள்வோம். 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 3-ஆம் தேதி தாம்பரம் மாநகராட்சி உதயமாயிற்று. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் ஒன்றாகி 70 வார்டுகள் கொண்ட ஒரே மாநகராட்சி ஆயின. பத்து ஸ்தாபனங்களின் வரிப் பேரேடுகளும் ஒரு கூரையின்கீழ் வந்தன. பத்துக் காரியாலயங்களில் பல குமாஸ்தாக்கள் பல காலத்தில் எழுதியவை என்றால், பெயரிலும் விலாசத்திலும் வேற்றுமை இல்லாமல் இராது. இத்தகைய குவியலைத் தரம் பிரித்து, மனுக்களை வகைப்படுத்தி, வரி பாக்கிதாரரின் ஜாபிதாவைத் தயாரிக்கும் வேலைக்குத்தான் செயற்கை நுண்ணறிவை எங்கும் முதலில் அழைக்கிறார்கள்.

அந்தப் பேரேட்டில் நம்மவர்களும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குச் சென்ற 'மெட்ராஸ்' கட்டத் துணியை நெய்த ஊர் அனகாபுத்தூர். பின்னாளில் வாழைநாரில் சேலை நெய்து பெயர் பெற்றதும் அவ்வூரே. நெசவாளியின் வீட்டில் தறி இருக்கும் இடம் எது, அடுப்பு இருக்கும் இடம் எது என்று கோடு கிழிக்க முடியாது. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து ஓர் இயந்திரம் அந்தக் கொட்டகையை வீடு என்று கொள்ளுமா, தொழிற்கூடம் என்று கொள்ளுமா? அந்த ஒரு சொல்லில் வரியின் விகிதமே மாறிவிடும்.

இவ்வறிவு எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள நெசவாளருக்கு வேறு ஆசிரியர் வேண்டியதில்லை. 1804-ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு தேசத்து ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலையைத் தறியே நெய்துகொள்ளும்படி செய்தார். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்துக்கு அவ்வட்டை முறையையே எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க ஜனக்கணக்கும் துளை அட்டைகளைக் கொண்டே எண்ணப்பட்டது. ஆகவே கணிப்பொறியின் பாட்டனார் நம் தறிமேல்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஜக்கார்டு அட்டையில் துளையிடுபவர் மனிதர். எந்தத் துளை எந்த இழையைத் தூக்கும் என்பதை அவர் அறிவார். செயற்கை நுண்ணறிவோ, ஆயிரக்கணக்கான பழைய சேலைகளைத் தானே பார்த்து, தானே அட்டை அடித்துக்கொள்ளும் தறியைப் போன்றது. பழைய சேலைகளில் குற்றம் இருந்தால் புதிய அட்டையிலும் அக்குற்றம் ஏறும். ஓர் அட்டையில் ஒரு துளை தவறினால் பார்டர் நெடுக அந்தப் பிழை திரும்பத் திரும்ப வருவதை நாம் கண்டிருக்கிறோம். இங்கே பிழைத்த துளை எது என்று சுட்டிக் காட்டுவதும் பல சமயங்களில் எளிதன்று.

இதனால் இப்புதுமையை வேண்டாம் என்று தள்ளிவிடலாகாது. நன்மைகள் கண்கூடு. நம் மாநிலத்து 'உழவன்' செயலியில், நோயுற்ற பயிரின் படத்தை எடுத்து அனுப்பினால் பூச்சி இன்னதென்று கண்டு சொல்லும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. மணிமங்கலத்து விவசாயி இலையைக் கிள்ளிக்கொண்டு வேளாண்மை அதிகாரியைத் தேடி அலையும் ஒரு நாள் இதனால் மிச்சமாகிறது. பெருநகர சென்னை மாநகராட்சி 2025-ல் வாட்ஸ்அப் வழியாக மக்களோடு உரையாடிச் சேவை அளிக்கும் முறையைத் தொடங்கியது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025 ஆகஸ்டு மாதம் 'சபாசார்' என்னும் கருவியை வெளியிட்டது. கிராம சபையில் பேசப்பட்டதைக் கேட்டு அது நடவடிக்கைக் குறிப்பைத் தயாரித்துத் தருகிறது. திரிபுராவின் கிராமங்களில் முதலில் கையாளப்பட்ட இக்கருவி தமிழிலும் வேலை செய்யும் வகையில் அமைந்தது. மினிட் புத்தகம் எழுத ஆளின்றித் தவிக்கும் சங்கங்களை நாளும் பார்க்கும் நமக்கு, இதன் அருமை நன்கு தெரியும்.

எனினும் நம் அனுபவத்தில் நேர்ந்த ஒரு சம்பவத்தை மறைக்க விரும்பவில்லை.

சில ஆண்டுகளுக்குமுன் நமது ஆய்வுக்குட்பட்ட ஒரு நெசவாளர் சங்கத்தில், தவணை தவறியவர்களின் ஜாபிதாவைக் கணிப்பொறி தயாரித்துக் கொடுத்தது. அதில் இருப்பவர்களுக்கு நூல் கொடுப்பதை நிறுத்தி வைக்க வேண்டும். நாம் ஜாபிதாவின் கூட்டலைச் சரிபார்த்தோம்; பேரேட்டின் மொத்தத்தோடு அது பொருந்தியது; கையொப்பமிட்டோம். ஏழு வாரம் கழித்து ஓர் அம்மையார் மஞ்சள் பையில் பாஸ் புத்தகத்தோடு வந்து நின்றார். அவர் ஒரு தவணையும் தவறியதில்லை. அவர் பெயரும் கணவர் பெயரும் கொண்ட வேறோர் அங்கத்தினர் அடுத்த தெருவில் இருந்தார். கணிப்பொறி இருவரையும் ஒருவராக்கிவிட்டது. கூட்டல் சரியாக இருந்தது, ஆள்தான் மாறிப்போயிருந்தார்.

அந்த ஏழு வாரமும் அவர் கேளாமல் இருக்கவில்லை. குமாஸ்தாவைக் கேட்டார், "கம்ப்யூட்டர் அப்படிக் காட்டுதும்மா" என்றார் அவர். காரியதரிசியைக் கேட்டார், "இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுட்டாரே" என்றார் அவர். இறுதியில் நம்மிடம் வந்தபோது, ஜாபிதா சங்கத்திலிருந்து வந்தது என்ற பதில்தான் நம் நாவிலும் முதலில் எழுந்தது. "அப்படின்னா யார்தான் சொல்லணும், ஐயா?" என்று அவர் கேட்டார். பழைய கைப்பேரேட்டை எடுத்துப் பார்க்கப் பத்து நிமிஷம் பிடித்தது. நிர்வாகக் குழு தீர்மானத்தை ரத்து செய்தது. பாவும் ஊடையும் மறுநாளே கிடைத்தன. ஏழு வாரக் கூலி மட்டும் கிடைக்கவில்லை. அதற்கு விதியில் இடமில்லை.

அது சாதாரணக் கணிப்பொறி. செயற்கை நுண்ணறிவுகூட அன்று. 300 அங்கத்தினர் உள்ள சங்கத்திலேயே இவ்வாறு நேர்ந்தால், லட்சக்கணக்கானோர் வாழும் மாநகராட்சியில் என்ன நேரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணிப் பார்க்க உதாரணங்களும் உள்ளன. தெலுங்கானாவில் 2016-ல் கணிப்பொறியின் அளவுகோல்களைக்கொண்டு லட்சக்கணக்கான ரேஷன் கார்டுகள் ரத்து செய்யப்பட்டன. கார்டுதாரருக்கு முன்னறிவிப்பு இல்லை என்ற முறையீடு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. நேரில் சென்று விசாரித்துச் சரிபார்க்கும்படி 2022-ல் கோர்ட்டு உத்தரவிட்டது. நெதர்லாந்து தேசத்து ராட்டர்டாம் நகரசபை, உதவித்தொகை பெறுபவர்களில் யாரை விசாரிப்பது என்பதைத் தேர்ந்தெடுக்க ஓர் இயந்திர முறையைச் சில ஆண்டுகள் கையாண்டது. அந்நகரத்துத் தணிக்கை மன்றமே 2021-ல் அதில் பாரபட்சத்துக்கு இடமிருப்பதை எடுத்துக்காட்டிற்று. நகரசபை அம்முறையை நிறுத்தி வைத்தது. செல்வமும் கல்வியும் மிகுந்த நகரத்திலேயே தணிக்கையாளர் கேட்ட பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சட்டமும் கொள்கையும் நம்மிடம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு 2020-லேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. பொதுமக்களின்மேல் பிரயோகிக்குமுன், நியாயம், வெளிப்படை, துர்உபயோகத் தடுப்பு முதலியவற்றில் ஒவ்வொரு முறையையும் மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அம்முடிவின் காரணத்தைச் சொல்வது காரியாலயத்தின் கடமை என்கிறது. "கம்ப்யூட்டர் அப்படிக் காட்டுகிறது" என்பது பதிலாகலாம், காரணம் ஆகாது.

ஆகவே செயற்கை நுண்ணறிவை ஏற்றுக்கொள்ளும் எந்த ஸ்தல ஸ்தாபனத்திடமும் நாம் கேட்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, பேரேட்டைத் திருத்திய பிறகே யந்திரத்தை அமர்த்த வேண்டும். பெயர், கதவு எண், வீடா தறிக்கூடமா என்ற விவரம் ஆகியவற்றை வார்டுதோறும் தமிழில் ஒட்டி, ஆட்சேபணைக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். சிக்குண்ட நூலைப் பாவாக ஓட்ட எந்த நெசவாளியும் துணியமாட்டார்.

இரண்டாவது, எந்தெந்த வேலைக்கு இயந்திர அறிவு உபயோகிக்கப்படுகிறது என்ற பதிவேடு பகிரங்கமாக இருக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம், ஹெல்சின்கி ஆகிய இரு நகரங்கள் 2020-ல் இத்தகைய பதிவேட்டை வெளியிட்டன. தாம்பரத்தில் அது முடியாத காரியம் அன்று.

மூன்றாவது, கொடுப்பதற்கு யந்திரம் உதவலாம். மறுப்பதற்கு மனிதர் வேண்டும். ஒரு மனுவை நிராகரிக்கவோ, ஒரு சலுகையை நிறுத்தவோ, ஒரு வரியை உயர்த்தவோ, பெயரும் பதவியும் உள்ள ஓர் அதிகாரி காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மேல்முறையீடு யாரிடம் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

நான்காவது, கைப்பேசி இல்லாதவருக்கும் எழுத்தறியாதவருக்கும் உரிய ஜன்னல் மூடப்படலாகாது.

ஐந்தாவது, தணிக்கை. ரசீதுகளில் சிலவற்றை உருவி எடுத்துக் கையால் சரிபார்ப்பது நமது இலாகாவின் பழைய வழக்கம். யந்திரம் தீர்த்த விஷயங்களிலும் ஆண்டுதோறும் சிலவற்றை அவ்வாறே உருவி, சம்பந்தப்பட்ட வீட்டுக்கே சென்று விசாரிக்க வேண்டும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பை இயந்திரம் எழுதினால், அதைச் சபையில் உரக்கப் படித்த பின்பே உறுதி செய்ய வேண்டும். பின்வரிசையில் நின்று தாழ்ந்த குரலில் குழாய் நீரைப்பற்றி முறையிட்ட ஒரு பெண்ணின் சொல் அதில் இருக்கிறதா என்று அவளே அறிய வேண்டும் அல்லவா?

இவற்றை எங்கே கேட்பது? கிராமங்களுக்குக் கிராம சபை உண்டு. நகரங்களுக்குப் பகுதி சபை உண்டு. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி தமிழக நகரங்களில் பகுதி சபைகள் கூடியபோது, அப்போதைய முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் கலந்துகொண்டது நம் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த சபையில்தான். அச்சபையில் தெருவிளக்கைப்பற்றிக் கேட்க நமக்கு உரிமை இருப்பது போலவே, வரிப் பேரேட்டைப் படிக்கும் யந்திரத்தைப்பற்றிக் கேட்கவும் உரிமை உண்டு. தனி ஒருவர் கேட்டால் மனு; சங்கம் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டால் அது ஊரின் குரல்.

1904-ஆம் ஆண்டு திரூர் கிராமத்தில் கடன் சங்கம் தோன்றிய நாளில் அங்கத்தினர் ஒருவரையொருவர் முகமறிவார்கள். யாருக்குக் கடன் கொடுப்பது என்பதை அந்த முகப் பழக்கமே தீர்மானித்தது. அந்நாள் திரும்பி வராது; சங்கங்களும் நகரங்களும் பெருகிவிட்டன. முகமறியாத இடத்தில் பேரேடுதான் முகம். அது பிழையின்றி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அதிகாரிகளின் பொறுப்பு மட்டுமன்று.

அங்கத்தினர்களுக்கு நமது வேண்டுகோள் இது: இம்மாதமே தங்கள் பாஸ் புத்தகத்தையும் வீட்டுவரி ரசீதையும் எடுத்து, பெயரும் விலாசமும் தொழிலும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். பிழை இருந்தால் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். நம் பங்குக்கு ஒன்று சொல்கிறோம். அந்த அம்மையார் வந்து சென்ற நாள் முதல், எந்த ஜாபிதாவிலும் கூட்டலை மட்டும் பார்த்துக் கையொப்பமிடுவதில்லை. பத்துப் பெயரையாவது கைப்பேரேட்டோடு ஒத்துப் பார்க்கிறோம். வேலை சற்றுத் தாமதமாகிறது. தாமதம் என்று மேலிடத்தில் கேட்டால், காரணம் சொல்ல நம்மிடம் இருக்கிறது.