'என் பங்கைப் பணமா கொடுத்திடுங்க': பூர்வீக வீடு ஏலத்துக்குப் போவது எப்படி? புதுச்சேரி குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"எனக்கு வீடு வேணாம், என் பங்கைப் பணமா கொடுத்திடுங்க." பூர்வீக வீடு இருக்கும் குடும்பங்களில், கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ கூடும்போது எப்படியும் ஒருமுறை எழும் பேச்சு இது. புதுச்சேரியில் இது இன்னும் கொஞ்சம் சிக்கல். ஒரு வாரிசு பாரிஸில், ஒருவர் சென்னையில், ஒருவர் மட்டும் அந்த வீட்டிலேயே. வெளியே இருப்பவருக்குப் பணம் தேவை. உள்ளே இருப்பவருக்குப் போக வேறு இடமில்லை.

பேச்சு முறிந்தால் அடுத்தது கோர்ட். வீட்டைப் பிரிக்க முடியாது என்று அங்கே முடிவானால், ஏலம் வரை போகலாம்.

பங்கு எப்படிச் சிறுத்துப்போகிறது?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தாத்தா விட்டுச்சென்ற 2,400 சதுர அடி மனை. பாட்டி முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் 4 பேர். ஆளுக்குக் கால் பங்கு, அதாவது 600 சதுர அடி. அதில் ஒரு மகன் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். அவருடைய மனைவிக்கும் 3 பிள்ளைகளுக்கும் கிடைப்பது தலா 16-ல் ஒரு பங்கு. 150 சதுர அடி, ஓர் அறை அளவு.

திண்ணை, முற்றம், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர் என்று இருக்கும் பழைய தமிழ் வீடுகளை இப்படிக் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. முற்றத்தை 16-ஆகப் பிரித்தால் யாருக்கும் உபயோகம் இல்லை.

விற்கச் சொல்லும் சட்டம் எது?

1893-ம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம். 130 ஆண்டுகளைத் தாண்டியும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2-வது பிரிவுப்படி, சொத்தை நியாயமாகப் பிரிக்க முடியாது, விற்றுப் பணத்தைப் பங்கிடுவதே எல்லோருக்கும் நல்லது என்று நீதிமன்றம் கருதினால் விற்க உத்தரவிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. குறைந்தது பாதிப் பங்கு வைத்திருப்பவர்கள், தனியாகவோ சேர்ந்தோ, விற்பனையைக் கேட்க வேண்டும்.

ஆகவே 16-ல் ஒரு பங்கு வைத்திருப்பவர் பாகம் கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் 2-வது பிரிவின்கீழ் அவர் ஒருவர் கேட்டதற்காக வீட்டை விற்றுவிட முடியாது.

ஏலத்தில் ஏன் விலை குறைகிறது?

கோர்ட் ஏலத்துக்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் சிவில் நடைமுறைச் சட்ட விதிப்படி, ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை உடனே கட்ட வேண்டும். மீதியை 15 நாளுக்குள். வங்கிக் கடனை நம்பி வீடு தேடும் சாதாரணக் குடும்பத்துக்கு இது கஷ்டம். கையில் ரொக்கம் வைத்திருப்பவர்தான் வருவார். உள்ளே ஆள் குடியிருக்கிறார், மேல்முறையீடு வரலாம் என்ற பயமும் சேரும்போது, வெளிச்சந்தை விலை கிடைப்பது கடினம். நஷ்டம் விற்கச் சொன்னவருக்கும் சேர்த்துத்தான்.

வீட்டைக் காப்பாற்ற என்ன வழி?

அதே சட்டத்தின் 3-வது பிரிவு. சிலர் விற்பனை கேட்டதும், வீட்டை வைத்துக்கொள்ள விரும்பும் பங்காளி, "அவங்க பங்கை மதிப்புப் போட்டு நானே வாங்கிக்கிறேன்" என்று மனு கொடுக்கலாம். கொடுத்தால் நீதிமன்றம் மதிப்பீடு செய்து, அந்த விலைக்கு அவருக்கே தர வேண்டும்.

இந்த உரிமைக்கு எவ்வளவு வலு? சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாக வந்த ஒரு வழக்கில் 1972-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மற்றவர் வாங்க முன்வந்த பிறகு, விற்பனை கேட்டவர் வழக்கையே வாபஸ் பெற்று அந்த உரிமையைப் பறிக்க முடியாது.

ஏலம் வரை போனாலும் பங்காளிகளும் கேட்கலாம். தங்கள் பங்குத் தொகையை ஏலத் தொகையில் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டால்?

விற்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் குடும்பம் வாழும் வீடாக இருந்தால், பங்கை வாங்கிய வெளியாள் உள்ளே வந்து கூடக் குடியிருக்க முடியாது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு அதைத் தடுக்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 4-வது பிரிவின்படி அந்தப் பங்கைக் குடும்பத்தினரே மதிப்பீட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பங்கை விற்பதற்கு முன்பே, சக வாரிசுகளுக்கு முன்னுரிமை கேட்கும் வழியை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவு தருகிறது.

புதுச்சேரிக்கு மட்டும் ஒரு தனிக் கேள்வி

தாத்தா எந்த ஆண்டு இறந்தார், எந்தச் சட்டத்தின்கீழ் இருந்தார்? இங்கே இதைக் கேட்காமல் பங்கு கணக்கே போட முடியாது.

பிரெஞ்சு ஆட்சியில், 1881 செப்டம்பர் ஆணைப்படி தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963-ல் புதுச்சேரிக்கு வந்தபோதும், அவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கு தரப்பட்டது. துறக்காத இந்துக்களுக்கோ, தந்தை இருக்கும்வரை அவரே முழு உரிமையாளர், மகனுக்குப் பிறப்புரிமை கிடையாது என்பதே பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்ற உள்ளூர் வழக்கம்.

கட்டாய விற்பனையும் இந்த ஊருக்குப் புதிதல்ல. யாரையும் கூட்டுச் சொத்திலேயே இருக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்கிறது பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 815-வது பிரிவு. பிரிக்க முடியாததை ஏலம் விடும் முறைக்கு அங்கே 'லிசித்தாசியோன்' என்று பெயர்.

அப்படியானால் கட்டாய விற்பனையே தப்பா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு வாடகையும் வாங்கி, தங்கைக்கு ஒரு பைசா தராத குடும்பங்களும் உண்டு. 2005 வரை, ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை குடும்ப வீட்டில் பாகம் கேட்கப் பெண் வாரிசுகளுக்கு உரிமையே இல்லை. அந்த 23-வது பிரிவு 2005 செப்டம்பர் 9 முதல் நீக்கப்பட்டது. இன்று பாகம் கேட்கும் உரிமைதான் பல சகோதரிகளின் கையில் இருக்கும் ஒரே பிடி.

அமெரிக்காவில் நிலைமை வேறு. கறுப்பினக் குடும்பங்களின் நிலத்தில் ஒரு சிறு பங்கை வாங்கி, அதை வைத்தே முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுபோனவர்கள் அங்கே உண்டு. இதைத் தடுக்க 2010-ல் ஒரு மாதிரிச் சட்டம் உருவாக்கப்பட்டது. பல மாநிலங்கள் அதை ஏற்றுள்ளன. முதலில் குடும்பத்தினர் வாங்க வாய்ப்பு, அடுத்து பிரிக்க முடியுமா என்ற பரிசீலனை, கடைசியில் விற்பதானால் ஏலத்துக்குப் பதில் வெளிச்சந்தை விற்பனை. இதுதான் அதன் வரிசை.

கோர்ட்டுக்குப் போகும் முன்

பாகவழக்கில் முதல்நிலைத் தீர்ப்பாணை, கமிஷனர் ஆய்வு, இறுதித் தீர்ப்பாணை என்று படிகள் உண்டு. முதல் படி முடிந்ததும் விசாரணை நீதிமன்றங்கள் தாமாகவே அடுத்த படிக்கு நகர வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு முன்பே செய்யக்கூடியவை:

- வாரிசு சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, பழைய பிரெஞ்சுப் பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள்.
- வெளிநாட்டில் இருப்பவர் தரும் பவர் பத்திரத்தில், பாகம் பிரிக்க மட்டுமா, விற்கவுமா என்று பாருங்கள்.
- தனியார் மதிப்பீட்டாளரை எல்லோரும் சேர்ந்து அமர்த்துங்கள். ஒருவர் கொண்டுவந்த விலையை மற்றவர் நம்பமாட்டார்.
- ஒருவர் வீட்டை எடுத்துக்கொள்வதானால், மற்றவர்களுக்குத் தவணையில் பணம் தந்து விடுதலைப் பத்திரம் வாங்கலாம். அதைப் பதிவு செய்வது கட்டாயம்.
- விற்பதே முடிவென்றால், வழக்குக்கு வெளியே எல்லோரும் ஒன்றாகக் கையெழுத்திட்டு விற்பதில் ஏலத்தைவிட நல்ல விலைக்கு வாய்ப்பு அதிகம்.
- அந்த வீட்டில் வயதான அம்மாவோ அத்தையோ இருந்தால், அவர்கள் ஆயுள்வரை எங்கே இருப்பார்கள் என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். வாய்ப் பேச்சில் விடாதீர்கள்.