இருபத்தொரு படங்களில் ஒரு கல்வெட்டு

அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சென்றிருக்கிறீர்களா? முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கோயில் விமானம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் கோயிலைச் சூழ்ந்திருந்த கருங்கல் மதிலின் பெரும்பகுதி எங்கே?

1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அருகில் கல் தேடிய பொறியாளர்கள் இந்த மதிலைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர். ஊர் மக்கள் எதிர்த்தும் பயனில்லை. அணையால் பாசனம் பெருகியது உண்மை; மதில் போனதும் உண்மை. அதற்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. இருக்கவும் முடியாது. ஏனெனில், புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான். மூன்றே ஆண்டுகள் பிந்திவிட்டது!

இராசேந்திரனின் தந்தை இராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வேறு விதமான வாய்ப்புக் கிடைத்தது. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி அங்கே வந்தார். அவர் சென்னை அரசின் புகைப்படக்காரர். விமானத்தின் அடித்தளத்தில் நீண்டு ஓடும் கல்வெட்டைப் படம் பிடிக்க விரும்பினார். ஒரே படத்தில் அது அடங்குமா? எழுத்துகள் எறும்பு போலச் சிறுத்துவிடும் அல்லவா? எனவே பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டினார். ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரு படச்சுருள் உருவாயிற்று!

இது எளிய வேலையன்று. காமிரா சுவரிலிருந்து சற்றே விலகினாலும் எழுத்தின் அளவு மாறும். ஒட்டும் இடத்தில் வரிகள் பொருந்தா. அக்காலத்தில் பலர் பயன்படுத்திய கண்ணாடித் தகட்டை, அதன் மேல் பூசிய இரசாயனம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் அது எவ்வளவு நேரம் தாங்கும்? டிரைப் மெழுகு ஊட்டிய தாளைப் பயன்படுத்தினார். அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். எடுத்துச் செல்வதும் எளிது.

அந்த இரசாயனங்களுக்கு ஒரு குறை உண்டு. அவை நீல ஒளியையே மிகுதியாக உணரும். எனவே வானம் வெறும் வெள்ளையாகப் பதியும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? சில படங்களின் நெகடிவில் மேகங்களைத் தூரிகையால் தீட்டிவிட்டார்! ஆகவே, பழைய படமானாலும் கேள்வி கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

1859-ல் சென்னை ஆளுநராக வந்த டிரெவெல்யன், செலவு மிகுதி என்று கருதி இப்பணியை நிறுத்திவிட்டார். பிற்காலத்தில் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் தஞ்சைக் கல்வெட்டுகளைப் படித்து, 1891 முதல் நூலாக வெளியிட்டார். கல்வெட்டு நிலைத்திருந்ததால்தான் அதைப் படிக்க முடிந்தது. பெயர்த்தெடுத்த கல்லை யார் படிப்பது?

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஒரு நடுகல்லோ கோயில் கல்வெட்டோ இருக்கலாம். காலையிலோ மாலையிலோ சென்று பாருங்கள். சாய்ந்து விழும் வெயிலில் எழுத்துப் பள்ளங்களில் நிழல் தங்கும்; எழுத்து தெளிவாகத் தெரியும். அருகில் ஓர் அளவுகோலை வைத்து, அனுமதி பெற்றுப் படம் எடுங்கள். சுண்ணாம்பு தடவாதீர்கள், சுரண்டாதீர்கள். இடம், நாள், திசை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நாளை அந்தக் கல் இல்லாமற் போனாலும், உங்கள் படம் அதற்காகப் பேசும்.