வரைவும் செப்பமும்

சோழர் ஆட்சியில் மன்னன் வாய்மொழியாக இட்ட ஆணையைக் கேட்டு ஓலையில் எழுதியவர் ‘திருமந்திர ஓலை’ எனப்பட்டார். எழுதியதைச் சரிபார்த்து ஒப்பமிட்டவர் ‘திருமந்திர ஓலை நாயகம்’. எழுதுபவர் வேறு, சரிபார்ப்பவர் வேறு என்னும் முறை அன்றே இருந்தது. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிற் சுவர்களில் சோழர் காலம் முதலான கொடைகள் கல்வெட்டுகளாக உள்ளன. நிலக்கொடையில் எல்லை குறிக்கும் ஒரு சொல் பிழைத்தால் நிலமே கைமாறிவிடும். கல்லில் அழித்தெழுதுவது அரிது; எனவே திருத்தமெல்லாம் ஓலையிலேயே முடிந்தாக வேண்டும்.

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் தமிழக அலுவலகக் கோப்புகளில் தமிழ் இடம்பெற்றது. இன்று வரைவைச் செப்பம் செய்பவர் முதலில் நாடுவது எழுத்துப்பிழையை. அது வேண்டுவதே. ‘விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்’ என்பதில் ஒற்று விடுபட்டால், கடையைப் பிடிக்கச் சொன்னதாகிவிடும். ஆயினும் இத்தகைய பிழை நகைப்போடு போய்விடும். படிப்பவர் பொருளை உய்த்துணர்ந்துகொள்வார். பிழையே இல்லாத தொடர்தான் பெரிதும் ஏமாற்றும்.

‘தீபத் திருவிழா முதல் நாள் நகருக்குள் பேருந்துகள் வாரா’ என்று ஒரு வரைவு இருப்பதாகக் கொள்வோம். இலக்கணப்படி குறையில்லை. ஆனால், திருவண்ணாமலையில் கார்த்திகைத் திருவிழா பத்து நாள். கொடியேற்றம் முதல் நாள்; மலைமேல் மகாதீபம் பத்தாம் நாள் மாலை. ‘முதல் நாள்’ என்பது கொடியேற்ற நாளா, தீபத்திற்கு முந்தைய நாளா? பேச்சுவழக்கில் இரண்டுமே பொருந்தும். எழுதியவர் மனத்தில் ஒரு நாள்தான் இருக்கும். ஆகவே மற்றொன்று அவர் கண்ணுக்குத் தோன்றாது. அவ்வரைவை அவரே பத்து முறை படித்தாலும் பயனில்லை. விவரம் அறியாத மற்றொருவர் படித்தால் முதல் வாசிப்பிலேயே ஐயம் எழும்.

ஆதலின் தேதி, கிழமை, நேரம் மூன்றையும் எழுதுதல் நன்று. தேதியும் கிழமையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என நாட்காட்டியில் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டுச் சுற்றறிக்கையைப் படியெடுக்கும்போது பழைய கிழமை அப்படியே தங்கிவிடுவது உண்டு. ‘இரவு 12 மணி’ என்பதும் எந்த நாளைச் சேர்ந்தது என்னும் குழப்பத்தைத் தரும். தூய நகல் எடுத்தபின் ஒருவர் வரைவை உரக்கப் படிக்க, மற்றவர் நகலை ஒப்புநோக்குவது பழைய அலுவலக வழக்கம். கணினி வந்தபின் பலர் இதைக் கைவிட்டனர், கைவிட்டிருக்க வேண்டியதில்லை.

ஒப்பமிட்டு வெளியிட்டபின் பிழை தெரிந்தால் திருத்த அறிவிப்பு தனியே வெளியிடலாம். முதல் அறிவிப்பை நம்பி வெளியூரிலிருந்து புறப்பட்டுவிட்டவருக்கு அது போய்ச் சேராது.