கதவு நிலையும் மிதக்கும் மரத்தரையும்

வீட்டுத் தரையை மரத்தால் அமைப்பது குளிர் நாடுகளில் நெடுநாள் வழக்கம். முன்னர்ப் பலகைகளை ஆணியால் அறைந்தனர். பின்னர்ப் பசையிட்டும் இணைத்தனர். 1996, 1997 ஆம் ஆண்டுகளில் சுவீடனிலும் பெல்ஜியத்திலும், இவ்விரண்டுமின்றித் தாமே பூட்டிக்கொள்ளும் பலகைகள் உருவாயின. ஒரு பலகையின் நாக்கை மற்றதன் காடியில் சாய்வாக நுழைத்து அழுத்தினால், 'கிளிக்' என்னும் ஓசையுடன் இரண்டும் இணையும். இன்று நம் நகரங்களின் அடுக்குமாடி வீடுகளிலும் இவற்றைக் காண்கிறோம்.

இத்தரை அடித்தளத்தோடு பிணைக்கப்படுவதில்லை. மெல்லிய நுரை விரிப்பின்மேல் ஒரே பாயைப்போலக் கிடக்கிறது. ஆதலின் இதற்கு 'மிதக்கும் தரை' என்று பெயர். ஒட்டுமரமாயினும் மரம் மரமே. மழைக்கால ஈரத்தில் அது விரியும், வறட்சியில் சுருங்கும். அந்த அசைவுக்காகச் சுவரோரமெங்கும் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை இடைவெளி விடுவர். சுவரடிப் பட்டை அதனை மறைத்துவிடும்.

கதவு நிலையருகே அத்தகைய பட்டை இல்லை. எனவே சிலர் அழகு கருதிப் பலகையை நிலைக்காலின் வடிவத்திற்கேற்ப வெட்டி, இறுக்கிப் பொருத்திவிடுகின்றனர். கேடு தொடங்குவது இங்கேதான். நகர இடமற்ற தரை ஈரக்காலத்தில் மேடிட்டு எழும், பூட்டுகள் பிளக்கும். பல ஆயிரம் ரூபாய் செலவிட்ட வேலை வீணாகும்.

அறுக்க வேண்டியது எது?

பலகையையன்று, நிலைக்காலின் அடியையே அறுத்தல் வேண்டும். நுரை விரிப்புத் துண்டின்மேல் பலகைத் துண்டொன்றை வைத்து, நிலைக்காலை ஒட்டிக் கிடத்துக. அதன்மேல் கைரம்பத்தைப் படுக்கையாக வைத்து அறுத்தால், வேண்டிய உயரம் தானே அமையும். அறுபட்ட மரத்தை உளியால் அகற்றித் தூசி போக்கியபின், பலகையை அதனடியில் செருகலாம். பலகையின் ஓரம் மறையும். உள்ளே இடைவெளியும் நிலைக்கும்.

நிலைக்கடியில் பலகையைச் சாய்க்க இயலாது. ஆகவே அவ்விடத்தில் மட்டும் காடியின் கீழுதட்டிலுள்ள மேட்டைச் சீவி, மரப்பசை தடவிப் படுக்கையாகத் தள்ளி இணைக்க வேண்டும். பசை அடித்தளத்தில் படலாகாது.

இரண்டு அறைகளின் தரைகள் வாசலில் சந்திக்குமாயின், இடையே 'டி' வடிவப் பட்டை இடுவர். அது மூடிய கதவின் நேர்கீழே அமைந்தால் இருபுறமும் பார்வைக்கு அழகு. பட்டையை அடித்தளத்தில் மட்டுமே பொருத்துக. பலகையோடு சேர்த்துத் திருகாணி முடுக்கினால் மிதக்கும் தரை கட்டுண்டுவிடும்.

கல் நிலையையும் இரும்பு நிலையையும் இவ்வாறு அறுப்பதற்கில்லை. அங்கே சுற்றிலும் இடைவெளி விட்டு, நெகிழும் தன்மையுள்ள சிலிக்கோன் கொண்டு நிரப்புதல் தகும். தரை உயர்வதால் கதவின் அடி உராயுமா என்பதையும் முன்னரே அளந்து பார்த்தல் நலம்.

தச்சருக்குக் கூலி கொடுக்குமுன், நிலைக்காலுக்கும் பலகைக்கும் இடையே தடித்த தாளொன்றைச் செருகிப் பாருங்கள். தடையின்றி அது நுழையுமானால், நிலை தரையை அழுத்திப் பிடிக்கவில்லை என அறியலாம்.