கல்பாக்கத்தில் உருகும் உலோகம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் சோதனை ஈனுலை 1985-இல் இயங்கத் தொடங்கியது. உலைக்குள் பிறக்கும் சூட்டை அங்கே வெளியே கொண்டுவருவது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். அறை வெப்பத்தில் சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய மெத்தென்ற உலோகம். 98 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தண்ணீர் கொதிப்பதற்கும் குறைவான சூடு. தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் பொருளைக் கடலோரத்தில் வைத்துப் புழங்குவது துணிச்சல்தான். காற்று அண்டாதபடி அதன் மேல் ஆர்கான் வாயுவை நிரப்பி வைக்கிறார்கள்.

திடப்பொருளில் அணுக்கள் அசையாமல் கிடப்பதில்லை. தத்தம் இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். சூடு ஏற ஏற அதிர்வு கூடும். ஒரு கட்டத்தில் ஒழுங்கான வரிசை குலைந்து, ஒன்றையொன்று தாண்டி வழுக்கத் தொடங்கும். அதுதான் உருகுதல். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: உருகி முடியும்வரை வெப்பநிலை ஏறாது. கொடுக்கும் சூடு முழுவதும் பிடிப்பைத் தளர்த்தவே செலவாகும். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வேண்டும். கோவளத்தில் மீன்பெட்டிக்குள் போடும் ஐஸ், இந்த 80 கலோரியை மீனிடமிருந்தும் சுற்றிலுமிருந்தும் இழுத்துக்கொள்வதால்தான் மீன் கெடாமல் இருக்கிறது. சோடியத்துக்கு 27 கலோரி போதும்.

அதே சோடியம் குளோரினோடு சேர்ந்து கேளம்பாக்கம் உப்பளத்தில் உப்பாகக் கிடக்கும்போது கதையே வேறு. நேர், எதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால் உப்பை உருக்க 801 டிகிரி வேண்டும்.

உருகும்போது பருமனும் மாறும். ஐஸ் உருகினால் சுருங்கும். சோடியமோ கிட்டத்தட்ட இரண்டரை சதவீதம் விரியும். குழாய்க்குள் உறைந்த சோடியத்தை நடுவில் சூடாக்கினால், உருகியது விரிய இடமின்றிக் குழாயையே உடைத்துவிடலாம். ஆகவே காலியிடம் இருக்கும் முனையில் தொடங்கி, படிப்படியாக உள்நோக்கி உருக்குவார்கள். புதிதாகச் சோடியம் நிரப்பும் முன்பே குழாய்களை மின்சார ஹீட்டர்களால் சூடாக்கிவிடுகிறார்கள். உலையை நிறுத்திவைத்திருக்கும் நாட்களிலும் சோடியம் உறையாமலிருக்க, அதன் வெப்பநிலையை 98 டிகிரிக்கு வெகுவாக மேலே வைத்திருக்க வேண்டும்.